பிரிக்காத கட்டு

"மேடம், எனக்குப் படிக்கத் தெரியாமப் போச்சு."

இதைச் சொன்னது யார் என்கிறீர்கள்? முனைவர் பட்டம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செண்பகவல்லி. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் போர்த்திய பொன்னாடையை இன்னும் பீரோவில்கூட எடுத்து வைக்கவில்லை. அதற்குள் இப்படி வந்து நிற்கிறாள்.

நெறியாளர் நப்பின்னை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"யார் சொன்னா?"

"எங்க அண்ணன்."

"உட்காருங்க."

செண்பகவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. நப்பின்னைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தான். துறையில் நப்பின்னைக்கு 'ஒருவரி மேடம்' என்று பெயர். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனாலும் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் மாதக் கணக்கில் அல்லாடுவார்கள்.

செண்பகவல்லி உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

கோவில்பட்டியில் அவளுக்கு ஓர் அண்ணன், பூவநாதன். லாரி ஓட்டியவர். அந்தக் காலத்தில் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் நாவல் வாங்கிப் படிப்பார். படித்து முடித்ததைத் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். செண்பகவல்லி கதைப்பைத்தியம் ஆனது அப்படித்தான். அந்தப் பைத்தியம் முற்றித்தான் பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சிக்கே வந்தாள்.

நடுவில் அண்ணனுக்குச் சர்க்கரை வந்து கண்ணைத் தின்றுவிட்டது.

"வாசிச்சுக் காட்டட்டுமாண்ணே?" என்று அப்போதே கேட்டாள்.

"இப்ப வேண்டாம் தாயி. நீ ஒன் பட்டத்த முடி. முடிச்சுட்டு வந்து நிம்மதியா வாசி. நான் எங்க போயிறப் போறேன்?"

காத்திருந்தார் மனுசன். ஆய்வேடு அவளை வருசக் கணக்கில் இழுத்தடித்தது. ஒரு நாள்கூட 'இன்னும் முடியலியா' என்று கேட்கவில்லை. ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டு கிடந்தார். பட்டம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது முதலில் கேட்டது, "அப்ப என்னைக்கு வர்ற?" என்பதுதான்.

போனாள். நல்ல தடிமனான நாவல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை வாசித்தாள், ஞாயிற்றுக்கிழமை வாசித்தாள். கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. சேலை எடுக்கக் கடைக்குப் போகிறார்கள். வீடே சிரிப்பும் கும்மாளமுமாகக் கிடக்கிறது.

"போதும் தாயி," என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

"இவ செத்துருவா. அப்படித்தான?"

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்? முன்னாலயே படிச்சிருக்கியா?"

"இல்ல. நீ அவ பேரைச் சொல்லும்போதெல்லாம் எழவு வீட்டுல பேசுற மாதிரிப் பேசுற. சேலை எடுக்கப் போறவளுக்கு யாராவது இப்படி வாசிப்பாங்களா?"

அண்ணன் ரேடியோவைத் தடவி எடுத்தார். "நீ நெறையப் படிச்சுட்டம்மா. இனிமே இது வேண்டாம். விட்டுரு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தணிவாகச் சொன்னார்.

நப்பின்னை இதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முடிவை எப்பப் படிச்சீங்க?"

"முதல்ல."

"ஏன்?"

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க."

அது நிஜம். அவள் எடுத்த தலைப்பே தமிழ் நாவல்களில் முடிவு என்பதுதான். நாவல்கள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. 'கடைசி அத்தியாயத்தை முதல்ல படிங்க. வேணும்னா மட்டும் முதல் பக்கத்துக்குப் போங்க' என்று முதல் வருசமே நப்பின்னை சொன்னார். அப்படிப் படித்துப் பழகியதுதான். இப்போது எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் விரல் தானாகப் பின்பக்கம் போய் நிற்கிறது. கையில் பென்சில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஓடுவதில்லை. பலசரக்குக் கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தில்கூட ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நப்பின்னை விடைத்தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

பிறகு கையை நீட்டினார்.

"பென்சில்."

செண்பகவல்லி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

அதையும் கொடுத்தாள். கொண்டைக்குள் செருகியிருந்ததை நப்பின்னையே எழுந்து வந்து உருவிக்கொண்டார்.

மேசைக்குக் கீழே ஒரு பெரிய தபால் உறை கிடந்தது. அதிலிருந்து தாள்களை வெளியே எடுத்தார். கணினியில் அடித்த தாள்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சு.

"யாரோ தூத்துக்குடிக்காரர். முதல் நாவல். அணிந்துரை கேட்டு அனுப்பியிருக்கார்."

"எப்படி இருக்கு மேடம்?"

"இன்னும் படிக்கல."

தாள்களைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுப் பல பங்காகப் பிரித்தார். அத்தியாயம் பார்த்தெல்லாம் பிரிக்கவில்லை. கைக்கு வந்தபடி. விடைத்தாள் கட்டுகிற வெள்ளை நூலை எடுத்து ஒவ்வொரு பங்கையும் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினார். முதல் கட்டை அவள் கையில் கொடுத்தார். மற்றதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அண்ணன் முன்னால உட்கார்ந்துதான் நூலை அறுக்கணும்."

"அதுக்கு முன்னால ஒரு தடவை நான்..."

"கூடாது."

"அவர் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாரே மேடம்."

நப்பின்னை பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். போகலாம் என்று அர்த்தம்.

ஆய்வேட்டுக்கே இவ்வளவு கெடுபிடி பண்ணவில்லையே இந்தம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள் செண்பகவல்லி. கைப்பையில் கட்டு கனத்தது. கயத்தாறு தாண்டுவதற்குள் எத்தனை தடவை நூலைத் தொட்டுப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணன் சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

"வாசிக்கப் போறேன்," என்றாள்.

"நான்தான் வேண்டாம்னேன்ல?"

"நீ கேக்க வேண்டாம். நான் பாட்டுக்கு வாசிக்கிறேன். வீட்டுல ஒக்காந்து வாசிக்கக் கூடாதா?"

அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நூலை அறுத்தாள். வாசித்தாள்.

தவசி என்று ஓர் உப்பளத் தொழிலாளி. அவன் மகள் பேச்சி, அவனோடு சண்டை போட்டுக்கொண்டு எப்போதோ வீட்டை விட்டுப் போனவள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. வயதான காலத்தில் அவளைத் தேடிக் கிளம்புகிறான். பக்கத்து வீட்டுக்காரன் வழியனுப்புகிறான்.

செண்பகவல்லி தட்டித் தடுமாறினாள். எந்த வார்த்தையில் மூச்சு விடுவது, எந்த வார்த்தையை அழுத்துவது, ஒன்றும் பிடிபடவில்லை. "'போய்ட்டு வாரும் ஓய். மக மாளிகையில கட்டில் போட்டு வச்சிருப்பா'" என்ற வரியை அவள் உருக்கமாக, ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி வாசித்தாள்.

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, அவன் நக்கல் பண்ணுதான்!"

"அப்படியா?"

"பின்ன? அடுத்த வரியப் பாரு."

அடுத்த வரியில் தவசி செருப்பைக் கழற்றி அவன் மேல் எறிந்திருந்தான்.

அண்ணன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. தவசி ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஏறினான். பரிசோதகர் வந்தார். தவசி எழுந்து...

"எழுந்து?"

"அவ்வளவுதான்ணே. கட்டு முடிஞ்சு போச்சு."

"என்னட்டி சொல்லுத? பாதியிலயா? எந்தக் கூறுகெட்டவன் இப்படிக் கட்டினான்?"

"எங்க மேடம்."

"டாக்டர் பட்டம் குடுக்கிற பொம்பளையா இது?" என்று அண்ணன் சத்தம் போட்டார். "அடுத்ததைச் சீக்கிரமா வாங்கிட்டு வா."

அவர் இப்படிச் சத்தம் போட்டு செண்பகவல்லி கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

இப்படியே ஓடியது. சனிக்கிழமை காலை திருநெல்வேலி போவாள். வாசித்த கட்டைத் திருப்பிக் கொடுத்து அடுத்ததை வாங்குவாள். சாயங்காலம் கோவில்பட்டி. நப்பின்னை ஒன்றும் கேட்பதில்லை. அவளும் ஒன்றும் சொல்வதில்லை. பென்சிலைத் திருப்பிக் கேட்கவும் மறந்துபோனாள்.

தவசி விருதுநகரில் இறங்கினான். ஒரு ஓட்டலில் மாவாட்டினான். பேச்சியை மதுரையில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், திண்டுக்கல்லில் பார்த்ததாக இன்னொருத்தன். அண்ணன் வாரம் முழுக்கப் போனில் அதையே பேசினார். "அந்த மதுரைன்னு சொன்ன பய பொய் சொல்லுதான் தாயி. எனக்கு லாரிக்காரன் புத்தி, ஆளைக் கண்டா தெரியும்." மதினியும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அண்ணனுக்குக் காலில் புண் வந்தது.

முதலில் கொப்புளம் என்றார்கள். பிறகு மருந்து வைத்துக் கட்டினார்கள். பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதத்தை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

"எல்லாரும் எங்கிட்ட ரொம்ப அன்பாப் பேசுதாங்க தாயி," என்றார் அண்ணன். "டாக்டரு, நர்சு, ஒங்க மதினி, போன்ல பையன், எல்லாரும். அதான் பயமா இருக்கு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிக் கட்டை எப்ப வாங்கிட்டு வருவ?"

"நாளைக்கு."

வியாழக்கிழமை காலை அவள் நப்பின்னையின் அறைக்குப் போனபோது அவர் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து கடைசிக் கட்டை எடுத்தார். மெல்லிய கட்டு.

செண்பகவல்லி கை நீட்டவில்லை.

"மேடம், தவசி மகளைப் பாத்துருவானா?"

"தெரியாது."

"அவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கு. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில படுத்துக் கெடக்கான். செத்துருவானா?"

"தெரியாதும்மா."

"நீங்க இன்னுமா படிக்கல?"

"நீங்க திருப்பிக் குடுக்கிற கட்டைத்தான் படிச்சுக்கிட்டு வர்றேன். உங்களுக்கு ஒரு கட்டுப் பின்னாலதான் நான் இருக்கேன்."

செண்பகவல்லி ஜன்னலோரம் கிடந்த தாளைப் பார்த்தாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் அவள் அண்ணனுக்கு வாசித்த தாள்தான் அது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு அண்ணனோட பாதத்தை ஆபரேஷன் பண்ணி எடுக்கப் போறாங்க மேடம். இன்னைக்குச் சாயங்காலம் இதை வாசிக்கணும். அந்த மனுசன் மகளைப் பாக்காமலே செத்துட்டான்னு எங்க அண்ணன் காதுல நான் எப்படி வாசிப்பேன்? கடைசித் தாளை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன். எனக்காக இல்ல. மோசமா இருந்தா நானே மாத்திச் சொல்லி முடிச்சுருவேன். எத்தனை முடிவு படிச்சிருக்கேன். நல்லதா ஒண்ணு கட்டிச் சொல்ல எனக்குத் தெரியாதா?"

நப்பின்னை கட்டை அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"டீ சொல்லிட்டு வர்றேன்," என்று வெளியே போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

செண்பகவல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். நூலுக்குக் கீழே ஒரு முனையைக் கொடுத்தாள். ஓர் அழுத்து அழுத்தினால் முடிந்தது. அவள் அண்ணனை நினைத்தாள். கண் போன பிறகு அந்த மனுசனுக்குக் காதுதான் எல்லாம். அவள் முதல் வரியை வாசிக்கும்போதே தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அப்படிச் சாய்ப்பது அவள் கண் முன்னால் வந்து நின்றது.

நப்பின்னை டீயோடு வந்தபோது கட்டு அப்படியே இருந்தது. கத்தரிக்கோல் தள்ளிக் கிடந்தது. செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசிக்கும்போது எனக்கு அழுகை வந்துட்டா மேடம்?"

"வரட்டும்."

டீயைக் குடித்தாள். கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் வார்டில் கூட்டம் குறைந்திருந்தது. மதினி காபி வாங்கி வர பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அண்ணன் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கால் போர்வைக்கு வெளியே தெரிந்தது.

அவர் முன்னால் உட்கார்ந்து பல்லால் கடித்து நூலை அறுத்தாள்.

"இப்பத்தான் பிரிக்கியா?"

"இப்பத்தான்."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

தவசிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நடைமேடையில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு போர்ட்டர் தண்ணீர் கொடுத்தான். அதைக் குடிக்கவும் தவசியால் முடியவில்லை. வாசிக்க வாசிக்கச் செண்பகவல்லிக்குக் குரல் கம்மியது. ஓரிடத்தில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் சாய்த்த தலையை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மகனிடம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ரயில் ஒன்று வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த நடையைத் தவசி எங்கேயோ பார்த்திருக்கிறான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை, இருக்கிற உயிரையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டான். அந்தப் பெண் நின்றாள்.

செண்பகவல்லி நிறுத்தினாள்.

"என்ன தாயி?"

"தாள் முடிஞ்சுட்டுண்ணே."

"அடுத்தது இல்லையா?"

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"நின்னது பேச்சிதானா?"

"தெரியலண்ணே."

அவள் குரல் நடுங்கியது. அண்ணன் அந்தக் குரலை உற்றுக் கேட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார்.

"நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுண்ணே. பயமா இருக்கு."

பூவநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டித் தங்கையின் மடியைத் துழாவினார். வாசித்து முடித்த தாள் விரலில் தட்டுப்பட்டது. அதை எடுத்து மெத்தையில் தன் பக்கத்தில் வைத்தார்.

"ம், வாசி," என்றார்.